வீடு மாறினால் முகவரியை எந்த வரிசையில் மாற்றுவது?

வாடகை வீடு மாறியவர்கள் பலரும் முதல் வாரமே ஆதார் மையத்தில் போய் நிற்பார்கள். "இந்த விலாசத்துக்கு உங்கள் பெயரில் என்ன ஆவணம் இருக்கிறது?" என்று அங்கே கேட்பார்கள். ஈபி பில் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். சொத்து வரி ரசீதும் தண்ணீர் வரி ரசீதும் அப்படித்தான். சரி, வங்கியில் மாற்றலாம் என்று போனால் "ஆதாரில் மாற்றிக்கொண்டு வாங்க" என்பார்கள். இப்படி அங்குமிங்கும் அலைந்து சலித்துப்போய், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். அடுத்த வருடம் ஏடிஎம் கார்டு பழைய வீட்டுக்குப் போய்த் திரும்பும்போதுதான் மறுபடி நினைவு வரும்.

இதற்குக் காரணம், வரிசை தெரியாமல் தொடங்குவதுதான். முதலில் புதிய விலாசத்தில் உங்கள் பெயருக்கு ஒரே ஓர் ஆவணம் உண்டாக்க வேண்டும். அதை வைத்து வீட்டில் ஒருவரின் ஆதாரை மாற்ற வேண்டும். அந்த ஒருவரை வைத்து மற்றவர்களின் ஆதாரை மாற்றலாம். பிறகு ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியல், வண்டி, வங்கி எல்லாம் ஆதாரைப் பின்தொடர்ந்து வரும். தமிழ்நாட்டுக்குள் வீடு மாறுகிறவர்களுக்கு, குறிப்பாக வாடகைக்கு இருப்பவர்களுக்கு, அந்த வரிசையைப் படிப்படியாகச் சொல்கிறோம்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேட்க வேண்டியது

வீடு பிடித்துப்போய் அட்வான்ஸ் தொகை பேசும்போதே இன்னொன்றையும் பேசிவிடுங்கள்: "இந்த விலாசத்துக்கு ஆதார், ரேஷன் கார்டு, வோட்டர் ஐடி மாற்றிக்கொள்வோம், சம்மதமா?" சில வீட்டுக்காரர்கள் ரேஷன் கார்டு மாற்றவே கூடாது என்பார்கள். கார்டு மாறினால் வீட்டில் உரிமை வந்துவிடும் என்ற பயம் அது. ரேஷன் அட்டையிலோ வாக்காளர் பட்டியலிலோ விலாசம் இருப்பதால் யாருக்கும் வீட்டின்மேல் சொத்துரிமை வருவதில்லை. இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னால் பலர் ஒப்புக்கொள்வார்கள். குடிவந்த பிறகு கேட்டால் அது சண்டையாகும். முன்கூட்டியே கேட்டால் ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதிக்கொள்ளலாம்.

வாடகை ஒப்பந்தம் கட்டாயம் வேண்டும். வாய்ப்பேச்சில் குடியேறினால் பின்னால் வரும் ஒவ்வொரு படியிலும் இடறும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டத்தின்படி, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை ஆணையத்திடம் பதிவும் செய்ய வேண்டும். அதற்கென அரசின் இணையதளமே இருக்கிறது. பதிவு செய்தால் ஒப்பந்தத்துக்கு ஒரு பதிவு எண் கிடைக்கும். பல அலுவலகங்கள் பதிவான ஒப்பந்தம்தான் வேண்டும் என்று கேட்பதால், இந்த ஒரு வேலைக்கு நேரம் ஒதுக்குவது வீண்போகாது. ஒப்பந்தத்தில் கணவன், மனைவி இருவர் பெயரையும் வாடகைதாரராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் பெயர் மட்டும் இருந்தால் மற்றவருக்கு அந்தத் தாள் உதவாது.

பழைய வீட்டில் முடிக்க வேண்டியவை கொஞ்சம்தான். தமிழ்நாட்டில் மின் கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நடக்கிறது. இடையில் காலி செய்தால், சாவி கொடுக்கும் நாளில் மீட்டர் எண்ணைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பி அன்றே கணக்கை முடித்துக்கொள்ளுங்கள். அந்த மின் இணைப்பில் உங்கள் மொபைல் எண் பதிவாகியிருந்தால் மாற்றிவிடச் சொல்லுங்கள். இல்லையென்றால் அடுத்த குடித்தனக்காரரின் பில் குறுஞ்செய்தி உங்களுக்கு வந்துகொண்டே இருக்கும், அவருக்குப் போகாது.

விலாசத்தை ஒருமுறை எழுதி, அதையே எல்லா இடத்திலும்

எந்த விண்ணப்பத்தையும் தொடுவதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளில் புதிய விலாசத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் முழுதாக எழுதுங்கள். இந்தத் தாள்தான் மூலப் பிரதி. ஆதாரில் ஒரு மாதிரி, வங்கியில் ஒரு மாதிரி, ரேஷனில் இன்னொரு மாதிரி என்று இருந்தால், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் அதிகாரி வேறு வேறு வீடு என்றுதான் நினைப்பார்.

பெரிய சிக்கல் கதவு எண். சென்னையில் பல தெருக்களில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு உண்டு. வீட்டுச் சுவரில் 14 என்று இருக்கும், ஈபி பில்லில் 7/2 என்று இருக்கும், தபால்காரர் சொல்வது இரண்டில் ஒன்றாக இருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் "புதிய எண் 14, பழைய எண் 7/2" என்று இரண்டையும் எழுதிவிடுங்கள். எது புதிது, எது பழையது என்பதை வீட்டுக்காரரின் சொத்து வரி ரசீதைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். அடுக்குமாடி என்றால் பிளாட் எண்ணும் மாடியும் சேர வேண்டும். ஒரே தெருப்பெயர் பக்கத்துப் பக்கத்து நகர்களில் திரும்பத் திரும்ப வரும் ஊர்களில், நகரின் பெயர் இல்லாத விலாசத்தை வைத்து யாரும் வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது. "பிள்ளையார் கோயில் இரண்டாவது தெரு" என்றால் எந்தப் பகுதியின் பிள்ளையார் கோயில் என்று அடுத்த வரியிலேயே தெரிந்தாக வேண்டும்.

அடுத்தது பின்கோடு. 1972 ஆகஸ்ட் 15-ல் வந்த இந்த ஆறு இலக்க எண்ணில் முதல் மூன்று இலக்கங்கள் தபால் பிரிக்கும் மாவட்டத்தைக் குறிக்கும், கடைசி மூன்று பட்டுவாடா செய்யும் தபால் நிலையத்தைக் குறிக்கும். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தபால் நிலையம்தான் உங்களுக்குத் தபால் கொண்டுவரும் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாத் தபால் நிலையங்களிலும் பட்டுவாடா கிடையாது. சிலவற்றில் கவுன்ட்டர் வேலை மட்டும்தான். தெருவின் இந்தப் பக்கம் ஓர் எண், அந்தப் பக்கம் வேறு எண் என்பதும் உண்டு. பக்கத்து வீட்டுக்கு ஏற்கெனவே சரியாக வந்து சேர்ந்த ஒரு கடித உறையைப் பாருங்கள். இல்லையென்றால் தெருவில் வரும் தபால்காரரையே கேளுங்கள்.

தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் எழுதச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஆதார் விண்ணப்பத்தில் ஆங்கிலத்தில் அடிக்கும்போது தமிழ் தானாக வந்து விழும். அது ஒலியை வைத்து மாற்றுவது என்பதால் கோயில் கோவிலாகும், ழகரம் லகரமாகும், ஊர்ப்பெயர் வாயில் நுழையாத ஏதோவொன்றாகும். 'தெரு' என்பதற்கான ஆங்கிலச் சொல்லைச் சுருக்கி இரண்டெழுத்தில் அடித்தால் தமிழில் அர்த்தமில்லாத ஒற்றெழுத்துகள் வரும். எனவே ஆங்கிலத்தில் எதையும் சுருக்காமல் முழுச் சொல்லாக அடியுங்கள். தமிழ்ப் பெட்டியில் வந்ததை உங்கள் மூலப் பிரதியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத் திருத்துங்கள். பலரும் ஆங்கிலத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சமர்ப்பித்துவிடுகிறார்கள். அட்டை வந்த பிறகு தமிழில் பிழை இருந்தால் மறுபடி கட்டணம், மறுபடி காத்திருப்பு.

உங்கள் பெயரில் முதல் ஆவணம்

சொந்த வீடு வாங்கிப் போகிறவர்களுக்கு இந்தப் பகுதி தேவையில்லை. விற்பனைப் பத்திரமே போதும். வாடகைக்குப் போகிறவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி கேஸ் இணைப்பு. இணைப்பை மாற்றியதும் புதிய விநியோகஸ்தர் தரும் தாள்களில் உங்கள் பெயரும் புதிய விலாசமும் இருக்கும். மூன்று மாதத்துக்குள் எடுத்த கேஸ் பில்லை ஆதாரில் முகவரிச் சான்றாக ஏற்கிறார்கள்.

இரண்டாவது வங்கிப் பாஸ்புக். ஆதாரில் இருப்பது ஒரு விலாசம், இப்போது குடியிருப்பது வேறு என்றால், இப்போதைய விலாசத்தைச் சுய உறுதிமொழியாக எழுதிக் கொடுக்க ரிசர்வ் வங்கியின் கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) விதிகளில் இடமிருக்கிறது. கிளையில் "முதலில் ஆதார்" என்று திருப்பினால், தொடர்பு முகவரியை மட்டும் சுய உறுதிமொழியில் மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள், வாடகை ஒப்பந்தத்தின் நகலையும் இணையுங்கள். மாற்றிய பிறகு புதுப் பாஸ்புக் வாங்கும்போது முதல் பக்கத்தைக் கவனியுங்கள். உங்கள் போட்டோ ஒட்டியிருக்க வேண்டும். கிளையின் முத்திரை போட்டோவின் மேல் பாதியும் தாளில் பாதியுமாக விழ வேண்டும். அதிகாரியின் கையெழுத்து வேண்டும். விலாசம் அச்சில் இருக்க வேண்டும். போட்டோ இல்லாத, முத்திரை இல்லாத பாஸ்புக்கை ஆதாரில் நிராகரிப்பார்கள். இந்த ஒரு குறையால் திரும்பிவருகிறவர்கள் ஏராளம்.

மூன்றாவது, ஆதார் ஆணையம் வெளியிட்டிருக்கும் சான்றிதழ்ப் படிவம். கெசட்டட் அதிகாரி, சட்டமன்ற உறுப்பினர், நாடாளுமன்ற உறுப்பினர், மாநகராட்சி அல்லது நகராட்சி உறுப்பினர், தாசில்தார் போன்றோர் இதில் கையெழுத்திடலாம். கையில் எந்தக் காகிதமும் இல்லாதவர்களுக்கு இதுதான் கைகொடுக்கும். ஆனால் படிவத்தை நிரப்புவதில் கண்டிப்பு அதிகம். ஆணையத்தின் படிவத்திலேயே இருக்க வேண்டும், லெட்டர்பேடில் எழுதித் தந்தால் செல்லாது. போட்டோவின் மேல் கையெழுத்தும் முத்திரையும் விழ வேண்டும். தேதி எழுத வேண்டும், அந்தத் தேதியிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும். அடித்தல் திருத்தல் இருந்தால் புதுப் படிவம் எடுத்துவிடுவது நல்லது. கையெழுத்து வாங்கப் போகும்போதே இரண்டு படிவங்களை நிரப்பி, இரண்டு போட்டோவும் பசையும் எடுத்துப் போங்கள்.

ஆதார்: முதலில் ஒருவர், பிறகு வீட்டார்

விலாசத்தை ஆதாரில் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். பெயர், பிறந்த தேதிக்கு இருப்பதுபோல வரம்பு இதற்கு இல்லை. எனவே அடுத்த வருடமும் வீடு மாற வேண்டியிருக்குமே என்று தள்ளிப்போட வேண்டியதில்லை.

இணையத்தில் செய்ய, ஆதாரோடு இணைந்த மொபைல் எண் உங்கள் கையில் இருக்க வேண்டும். மைஆதார் தளத்தில் ஆதார் எண்ணும் ஓடிபியும் கொடுத்து நுழைந்து, முகவரி மாற்றம் என்ற பகுதியைத் திறந்து, பின்கோட்டை இட்டால் ஊர், தபால் நிலையப் பட்டியல் வரும். அதில் சரியானதைத் தேர்ந்தெடுங்கள். ஆவணத்தைப் பதிவேற்றும்போது ஜெராக்ஸைப் படம் எடுக்காதீர்கள். அசலை, வண்ணத்தில், நான்கு மூலையும் தெரியும்படி ஸ்கேன் செய்யுங்கள். பல பக்க ஒப்பந்தம் என்றால் எல்லாப் பக்கமும் ஒரே கோப்பாக வேண்டும். ஆவணத்தில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். தமிழர் பெயர்களில் இனிஷியலால் வரும் தலைவலி இங்கேதான் தொடங்கும். ஆதாரில் இனிஷியல் பின்னால், பாஸ்புக்கில் முன்னால் என்றால் பெரும்பாலும் பாதகமில்லை. ஒன்றில் இனிஷியலும் மற்றதில் அப்பாவின் முழுப்பெயரும் இருந்தால் நிராகரிக்க வாய்ப்பு உண்டு. வேறு ஆவணம் தேடுங்கள்.

மையத்துக்குப் போய்ச் செய்தால், விலாசம் போன்ற விவரங்களை மாற்ற 2025 அக்டோபர் முதல் கட்டணம் 75 ரூபாய். அசல் ஆவணத்தை ஸ்கேன் செய்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார்கள். மைய ஊழியர் அடித்து முடித்ததும் உங்கள் பக்கம் இருக்கும் திரையில் இரண்டு மொழியிலும் படித்துப் பார்த்த பிறகே சரி என்று சொல்லுங்கள். பின்னால் கூட்டம் நிற்கிறதே என்று அவசரப்பட வேண்டாம். ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், நிலையைப் பார்க்க அதிலுள்ள எண் வேண்டும். மாற்றம் முடிய முப்பது நாள் வரை ஆகலாம்.

ஒருவருக்கு மாறிவிட்டதா? மற்றவர்களுக்குத் தனித்தனியாக ஆவணம் தேட வேண்டியதில்லை. 2023 ஜனவரியில் வந்த குடும்பத் தலைவர் முறை இதற்காகத்தான். பெயரைப் பார்த்து ரேஷன் அட்டையில் உள்ள குடும்பத் தலைவர்தான் வேண்டும் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. 18 வயது நிறைந்த யாரும் இதில் குடும்பத் தலைவராக இருக்கலாம். புதிய விலாசம் அவருடைய ஆதாரில் முதலில் ஏறியிருக்க வேண்டும், அவ்வளவுதான். மனைவி முதலில் மாற்றியிருந்தால் கணவன் அவர் வழியாக மாற்றிக்கொள்ளலாம், வயதான அம்மா மகள் வழியாக மாற்றிக்கொள்ளலாம்.

மாற்ற வேண்டியவர் தன் ஆதாரில் நுழைந்து, குடும்பத் தலைவரின் ஆதார் எண்ணையும் உறவையும் குறிப்பிட்டு, ரேஷன் அட்டை, திருமணச் சான்று போன்ற உறவுச் சான்றைப் பதிவேற்ற வேண்டும். உறவுச் சான்று இல்லையென்றால் குடும்பத் தலைவர் ஆணையத்தின் படிவத்தில் சுய உறுதிமொழி தரலாம். பிறகு குடும்பத் தலைவருக்குக் குறுஞ்செய்தி வரும். அவர் முப்பது நாளுக்குள் மைஆதாரில் நுழைந்து சம்மதம் தர வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான். குறுஞ்செய்தியை விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிட்டால் விண்ணப்பம் முடிந்துபோகும், கட்டிய பணமும் திரும்பாது. அம்மாவுக்கு விண்ணப்பம் போட்ட அன்றே, மகளின் போனில் சம்மதத்தையும் கொடுத்து முடித்துவிடுங்கள்.

கல்யாணமாகிப் போன பெண்களுக்கு ஒரு குறிப்பு. அப்பா பெயருக்குப் பதில் கணவர் பெயர் வருவது ஆதாரில் முகவரியின் ஒரு பகுதிதான். விலாசத்தை மாற்றும்போதே அதையும் மாற்றிக்கொள்ளலாம். அதை மாற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

கேஸ்

இண்டேன், பாரத், எச்பி எதுவானாலும், அதே ஊருக்குள் மாறுகிறீர்களா, வேறு ஊருக்கா என்பதுதான் கேள்வி. அதே ஊருக்குள் என்றால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைக்க வேண்டாம். பழைய விநியோகஸ்தரிடம் மாற்றக் கோரிக்கை கொடுத்தால் கணினி வழியே புதியவருக்குப் போகும். கையில் நீலப் புத்தகமும் டெபாசிட் கட்டியபோது தந்த சந்தா வவுச்சரும் இருந்தால் போதும்.

வேறு ஊர் என்றால் சிலிண்டர், ரெகுலேட்டர் இரண்டையும் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்ப வாங்கி, அதற்கான வவுச்சரையும் வாங்க வேண்டும். வவுச்சரில் எழுதியிருக்கும் பழைய தொகைதான் திரும்ப வரும். புதிய ஊரில் இன்றைய தொகையைக் கட்ட வேண்டும். 2022 ஜூனில் 14.2 கிலோ சிலிண்டருக்கான டெபாசிட் 1,450-லிருந்து 2,200 ரூபாயாகவும், ரெகுலேட்டருக்கு 150-லிருந்து 250 ரூபாயாகவும் உயர்ந்தது. பல வருடத்துக்கு முன் இணைப்பு வாங்கியவர்கள் இந்த வித்தியாசத்தைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டரில் மிச்சமிருக்கும் கேஸுக்குப் பணத்தை எதிர்பார்க்காதீர்கள், தீர்ந்த பிறகு ஒப்படைப்பது நல்லது. அடுப்பும் டியூபும் உங்களுடையவை. வவுச்சர் கைக்கு வராமல் ஊரை விட்டுக் கிளம்பாதீர்கள். அது இல்லாமல் புதிய ஊரில் உங்கள் பழைய இணைப்பைத் தொடர முடியாது.

ரேஷன் அட்டை

ரேஷனில் விலாசம் மாறினால் கடையும் மாறும். அதனால் இதைச் சும்மா விட முடியாது. பொது விநியோகத் திட்டத்தின் தமிழ்நாட்டு இணையதளத்தில் பயனாளர் நுழைவில் அட்டையோடு பதிவான மொபைல் எண்ணைக் கொடுத்து, ஓடிபி போட்டு, முகவரி மாற்றத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஆதாரில் மாறிய விலாசம் இருந்தால் வேலை சுலபம். குறிப்பு எண்ணை எழுதி வையுங்கள். வட்ட வழங்கல் அலுவலகம் சரிபார்த்து ஒப்புதல் தரும், சென்னையில் அந்தந்த மண்டல உதவி ஆணையர் அலுவலகம். சரிபார்க்க வீட்டுக்கு ஆள் வரலாம், பக்கத்து வீட்டாரிடம் சொல்லி வையுங்கள்.

பழைய அட்டையை ஒப்படைத்துவிட்டுப் புதிதாக விண்ணப்பிக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். விலாசத்தை மட்டும் மாற்றினால் அட்டையின் வகை அப்படியே இருக்கும். புதிதாகப் போட்டால் முதலிலிருந்து விசாரணை, மாதக் கணக்கில் பொருள் கிடைக்காமல் காத்திருக்க நேரிடும். முன்னுரிமை அட்டை வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது பெரிய இழப்பு.

ஒப்புதல் வரும்வரை அரிசி வாங்கப் பழைய ஏரியாவுக்கே பஸ் ஏற வேண்டியதில்லை. 2020 அக்டோபர் முதல் மாநிலத்துக்குள் வேறு கடையிலும் கைரேகை வைத்து வாங்க வழியிருக்கிறது. விண்ணப்பம் நகராமல் கிடந்தால் 1967 என்ற எண்ணுக்கு அழையுங்கள். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை நடக்கும் ரேஷன் குறைதீர் முகாமுக்கு அசல்களோடு நேரில் போவது இன்னும் பலன் தரும்.

வாக்காளர் பட்டியல்

இதற்கு உரியது படிவம் 8. முன்பெல்லாம் வேறு தொகுதிக்குப் போனால் படிவம் 6, தொகுதிக்குள் மாறினால் படிவம் 8ஏ என்று இருந்தது. 2022 ஆகஸ்ட் முதல் இரண்டுக்கும் படிவம் 8 ஒன்றுதான். படிவம் 6 புதிதாகச் சேர்கிறவர்களுக்கு மட்டும். ஏற்கெனவே பெயர் இருப்பவர் புதிய இடத்தில் படிவம் 6 போட்டால் இரண்டு இடத்தில் பெயர் பதிவாகும். அது சட்டப்படி கூடாது. படிவத்தில் பொய் உறுதிமொழி தருவது தண்டனைக்குரிய குற்றமும்கூட.

தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் தளத்திலோ செயலியிலோ போடலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் தாளாகவும் தரலாம். அவர் யார் என்று தெரியவில்லையென்றால் 1950-க்கு அழையுங்கள். அவர் சரிபார்க்க வரும்போது வீடு பூட்டியிருந்தால் விண்ணப்பம் தள்ளுபடியாகும் ஆபத்து உண்டு. வேலைக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே அவருக்குப் போன் செய்து நேரம் சொல்லிவிடுங்கள். அடையாள அட்டையின் எண் மாறாது, வாக்குச்சாவடி மட்டும் மாறும்.

தேர்தல் நெருங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். வேட்புமனுத் தாக்கலின் கடைசி நேரம் முடிந்துவிட்டால் அந்தத் தேர்தலுக்கான பட்டியலில் யார் பெயரையும் சேர்க்கவோ மாற்றவோ முடியாது. தமிழ்நாட்டில் 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிர திருத்தத்தில், பதிவான விலாசத்தில் இல்லை என்ற காரணத்துக்காகவே ஏராளமான பெயர்கள் வரைவுப் பட்டியலில் இடம்பெறாமல் போயின. வீடு மாறிவிட்டு மாற்றாமல் விட்டவர்களுக்கு அது நேரடியாக வந்த அடி.

வண்டி, பாஸ்போர்ட், பான்

வண்டியின் ஆர்சியில் (பதிவுச் சான்றில்) விலாசம் மாறினால் முப்பது நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 49-வது பிரிவு. போக்குவரத்துச் சேவைகளுக்கான பரிவாகன் தளத்தில் படிவம் 33 வழியாகச் செய்யலாம். இன்சூரன்ஸும் புகைச் சான்றும் நடப்பில் இருக்க வேண்டும். வண்டிக் கடன் முடியவில்லை என்றால் கடன் கொடுத்த நிறுவனத்தின் சம்மதம் முதலில் வேண்டும். பலருக்கும் தாமதமாவது இதனால்தான். 2024 பிப்ரவரி இறுதியிலிருந்து தமிழ்நாட்டில் லைசென்ஸும் ஆர்சியும் விரைவு அஞ்சலில்தான் வீட்டுக்கு வருகின்றன. விலாசமோ மொபைல் எண்ணோ தவறினால் உறை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கே திரும்பிவிடும்.

பாஸ்போர்ட்டில் விலாசத்தை மட்டும் திருத்தித் தரும் வசதி இல்லை. மறுவழங்கலுக்கு விண்ணப்பித்துப் புதுப் புத்தகம் வாங்க வேண்டும், பெரியவர்களுக்கு 36 பக்கப் புத்தகத்துக்குச் சாதாரண முறையில் கட்டணம் 1,500 ரூபாய். போலீஸ் சரிபார்ப்பு நீங்கள் இப்போது இருக்கும் வீட்டுக்குத்தான் வரும். ஆகவே விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது வீடு மாறாதீர்கள். மாறப்போவது தெரிந்தால் மாறிய பிறகே விண்ணப்பியுங்கள்.

பான் அட்டையில் விலாசமே அச்சிடப்படுவதில்லை. ஆனால் பதிவேட்டில் இருக்கிறது. ஆதாரை வைத்து முகவரியை மட்டும் புதுப்பிக்கும் வசதி பான் சேவைத் தளங்களில் உண்டு, புது அட்டை வாங்க வேண்டாம். வருமான வரித் தளத்தில் உங்கள் சுயவிவரத்தில் உள்ள விலாசம் இதிலிருந்து தனி. அதையும் திறந்து மாற்றுங்கள்.

வங்கியில் இரண்டாவது நடை

ஆதார் மாறியதும் வங்கிக்கு மறுபடி போய் நிரந்தர முகவரியையும் மாற்றிவிடுங்கள். ஒரே வங்கியில் சேமிப்புக் கணக்கு, நகைக் கடன், கிரெடிட் கார்டு மூன்றும் இருந்தால், ஒன்றில் மாற்றியது மற்றவற்றுக்கும் போகும் என்று நம்ப வேண்டாம். கிரெடிட் கார்டுக்குத் தனியே கேளுங்கள். மாற்றம் ஏறியதை உறுதிசெய்யும்வரை புதுக் காசோலைப் புத்தகமோ புதுக் கார்டோ கேட்காதீர்கள், பழைய வீட்டுக்குப் போய்விடும். கிளையை மாற்றுவது வேறு வேலை. கிளை மாறினால் கணக்கு எண் அப்படியே இருந்தாலும் ஐஎஃப்எஸ்சி என்ற கிளைக் குறியீடு மாறும். சம்பளம் போடும் அலுவலகத்துக்கும் பிஎஃப் கணக்குக்கும் அதைத் தெரிவிக்க வேண்டும்.

எல்ஐசி பாலிசி, மியூச்சுவல் ஃபண்ட், டீமேட், மெடிக்கல் இன்சூரன்ஸ், பிள்ளைகளின் பள்ளி ஆகியவற்றையும் இந்த வாரத்திலேயே முடித்துவிடலாம். ஆன்லைன் கடைகளின் செயலிகளில் பழைய விலாசத்தை அழித்தேவிடுங்கள். அவசரத்தில் விரல் அதன்மேல்தான் படும்.

இடைப்பட்ட நாட்களில் தபால்

இத்தனையும் முடிய இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை பழைய விலாசத்துக்கு வருகிற தபாலைக் காப்பாற்ற வேண்டும். பழைய வீட்டுக்குப் பட்டுவாடா செய்யும் தபால் நிலையத்தின் போஸ்ட் மாஸ்டருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பழைய விலாசம், புதிய விலாசம், எந்தத் தேதியிலிருந்து என்பதோடு, தபால் வரக்கூடிய எல்லோருடைய பெயரையும் எழுதுங்கள். உங்கள் பெயரை மட்டும் எழுதினால் மனைவிக்கு வரும் கடிதத்தை அவர்கள் திருப்பிவிட மாட்டார்கள். கையெழுத்திட்டு, அடையாளச் சான்றின் நகலை இணைத்து நேரில் கொடுங்கள். இந்த ஏற்பாடு குறிப்பிட்ட காலத்துக்குத்தான், நிரந்தரமில்லை. கூரியர்களுக்கு இது பொருந்தாது.

அந்தத் தெருவின் தபால்காரரிடமும் நேரில் சொல்லிவிட்டு வாருங்கள். தெருவில் யார் எங்கே போனார்கள் என்பது அவருக்கு நினைவிருக்கும். பழைய வீட்டுக்கு அடுத்துக் குடிவந்தவரிடம் உங்கள் மொபைல் எண்ணைக் கொடுத்து, ஏதாவது உறை வந்தால் பிரிக்காமல் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மூன்றாவது மாத முடிவில் அவருக்கு ஒருமுறை போன் செய்யுங்கள். அதற்குள் எந்த நிறுவனத்தின் உறை அங்கே வந்திருக்கிறதோ, அங்கேதான் இன்னும் விலாசம் மாறவில்லை.